வேன் கூரை டிஷ்: பாதிச் சேனல் வருகிறது, மீதி ‘நோ சிக்னல்’. வயரா, எல்என்பியா, குடையா?

கொழிஞ்சாம்பாறை வண்டி

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பெயரிலேயே இருக்கிறது. டிராவலர் வேன் ஒன்றை உள்ளே படுக்கை, சின்னச் சமையல் மேடை, டிவி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றி ஓட்டுகிறோம். வேலையைச் செய்தது ஒரு பாடி கட்டும் பட்டறை. கூரையில் மடக்கு ஸ்டாண்டில் 60 சென்டிமீட்டர் டிஷ் குடை, அதன் முன்னால் அலையைப் பிடிக்கும் எல்என்பி. அங்கிருந்து வயர் கூரை ஓட்டை வழியாக இறங்கி, பிளைவுட் பின்னால் ஓடி, டிவிக்குப் பக்கத்தில் சுவர் சாக்கெட்டில் முடிகிறது. குடையைத் தரையில் வைக்க நினைத்தால் பயன்படும் என்று வெளியேயும் ஒரு சாக்கெட் வைத்திருக்கிறார்கள். இரண்டும் உள்ளே எங்கோ சேர்கின்றன. எங்கே என்று தெரியாது.

பிரச்சினை இதுதான். சில சேனல்கள் கண்ணாடி மாதிரி வருகின்றன. சிலவற்றில் ‘நோ சிக்னல்’. மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். வேனின் சைடு கதவை ஓங்கிச் சாத்தினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து திரும்ப வருகிறது. நெல்லியாம்பதி போனபோது மலை மறைக்கிறது என்று விட்டுவிட்டோம். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும்போதும் அதே கதை. அப்பாவுக்கு ராத்திரிச் செய்தி பார்க்காமல் தூக்கம் வராது. அந்தச் சேனல்தான் வராத பட்டியலில் முதலில் நிற்கிறது.

குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாகிவிட்டது. புது எல்என்பி வாங்கலாமா?

வாளையாறு லாரி

பூஸ்டர் ஒன்று போடுங்கள் அண்ணே. வயர் நடுவில் மாட்டுகிற மாதிரி சின்னதாகக் கிடைக்கிறது. சிக்னல் ஏறிவிடும்.

மறையூர் மைனர்

அப்பாவுக்கு ரேடியோ வாங்கிக் கொடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

கம்பம் டிஷ்காரர்

பூஸ்டரும் வேண்டாம், எல்என்பியும் வேண்டாம், இப்போதைக்குக் குடையைத் தொடவே வேண்டாம். கம்பம், குமுளி, வண்டிப்பெரியார் பக்கம் வீடுகளுக்கும் எஸ்டேட் லைன்களுக்கும் டிஷ் மாட்டிப் பிழைக்கிறவன் நான். நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் வயரைத்தான் காட்டுகின்றன.

குடை திசை மாறியிருந்தால் எல்லாச் சேனலும் சேர்ந்து பலவீனமாகும். பாதி சுத்தமாக வந்து பாதி முழுசாகப் போவது பெரும்பாலும் வோல்டேஜ் விவகாரம். எல்என்பிக்குத் தனியாக கரன்ட் வயர் கிடையாது. செட்டாப் பாக்ஸ்தான் அதே வயரில் மேலே அனுப்புகிறது. 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி செங்குத்தாக அதிரும் அலைகளை எடுக்கும், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்டமாக அதிரும் அலைகளை எடுக்கும். நீங்கள் சேனல் மாற்றும்போது பாக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கிறது. வழியில் எங்காவது ஜாயின்ட் கெட்டுப்போய், பாக்ஸ் அனுப்பும் 18 மேலே போய்ச் சேரும்போது 14 ஆகிவிட்டால், எல்என்பி அதையும் 13 என்றே எடுத்துக்கொள்ளும். கிடைமட்டச் சேனல் மொத்தமும் காலி. மற்றவை ஜம்மென்று ஓடும். உங்கள் டிடிஎச் இரண்டு வகையையும் பயன்படுத்துகிறது என்றால் இது நூற்றுக்குத் தொண்ணூறு பொருந்தும்.

கதவு சாத்தினால் படம் உடைவது லூஸ் ஜாயின்ட். மழைக்கு மறுநாள் மோசமாவது உள்ளே தண்ணீர்.

முதல் வேலை: கடையில் ஐந்தாறு மீட்டர் புது ஆர்ஜி-6 (டிஷ்ஷுக்குப் போடும் வயர்) வாங்கி, இரண்டு முனையிலும் திருகி மாட்டும் எஃப் கனெக்டர் போட்டு, பாக்ஸிலிருந்து ஜன்னல் வழியாக நேரே எல்என்பிக்குக் கொடுங்கள். வேனுக்குள் ஓடும் வயர் எதையும் சேர்க்காதீர்கள். எல்லாச் சேனலும் வந்துவிட்டால் குடையும் எல்என்பியும் பாக்ஸும் நிரபராதி. வயரைக் கழற்றி மாட்டும்போது பாக்ஸ் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வயரின் நடுக்கம்பி அதைச் சுற்றியிருக்கும் வெளிப்பின்னலில் உரசினால் பாக்ஸின் சப்ளை போய்விடும்.

வாளையாறு லாரி

என் வண்டி கேபினில் பூஸ்டர் போட்டுத்தானே ஓடுகிறது?

கம்பம் டிஷ்காரர்

ஓடலாம், நீளமான வயருக்கு அது உதவும். ஆனால் பூஸ்டரும் அதே வயரில் வரும் கரன்ட்டைத்தான் தின்கிறது. வோல்டேஜ் ஏற்கெனவே குறைவாக இருக்கும் இடத்தில் இன்னொருவரையும் பந்தியில் உட்கார வைப்பதுதான் அது.

டீச்சர்அம்மா சித்தூர்

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து எழுதுகிறேன். பௌதிகம் நடத்துகிறவள் என்பதால் மலை மறைக்கிறது என்ற பேச்சுக்கு மட்டும் ஒரு வார்த்தை.

நம் பக்கத்தில் அது பெரும்பாலும் வீண் பயம். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே இருப்பவை. நாமோ ஏறக்குறைய 10, 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். அதனால் அவை நமக்கு வானத்தில் மிக உயரத்தில் தெரியும். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிறது. 2015 நவம்பரில் ஏவியது. பாலக்காடு மாவட்டத்திலிருந்து அது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே, தரையிலிருந்து சுமார் 67 டிகிரி உயரத்தில் நிற்கும். 83 டிகிரித் தீர்க்கரேகைக் கோள் இன்னும் தெற்கே நகர்ந்து 75 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேல். 108.2 டிகிரியில் இருப்பது மட்டும் சற்றுத் தாழ்ந்து 52 டிகிரி.

67 டிகிரி என்றால் குடைக்கு மேலே 10 மீட்டர் உயர்ந்து நிற்கும் மரத்திலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி நின்றாலே போதும். நெல்லியாம்பதி மலை மறைக்க வேண்டுமென்றால் நீங்கள் பாறைச் சுவரை ஒட்டி நின்றிருக்க வேண்டும். ரப்பர் தோட்டத்துக்குள் நிறுத்தினால் கதை வேறு. மழையில் நனைந்த இலை அலையை நன்றாகவே குடித்துவிடும்.

இன்னொன்று, குடை தட்டையாக எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கோள் இல்லை. ஆஃப்செட் குடை (எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் வகை) என்பதால் தட்டு காட்டும் கோணத்தைவிட இருபது டிகிரிக்கும் மேலே உயர்ந்த இடத்திலிருந்துதான் அலை வருகிறது. தட்டின் பார்வையில் தெரியும் கிளையை வெட்டிவிட்டு, தலைக்கு மேல் இருக்கும் கிளையை விட்டுவிடுகிறார்கள்.

மறையூர் மைனர்

டீச்சர், எங்கள் ஊரில் சந்தனமரம் மறைத்தால் வெட்ட முடியாது. வண்டியைத்தான் நகர்த்த வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை வண்டி

டிஷ்காரர் அண்ணே, நீங்கள் சொன்னபடி புது வயரை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். எல்லாச் சேனலும் வந்துவிட்டது. அப்பாவின் செய்தியும்தான். கதவை நான் மெதுவாகச் சாத்த, தம்பி ஓங்கிச் சாத்த, படம் அசையவில்லை.

அடுத்து என்ன? பிளைவுட்டைப் பிரிக்க மனசு வரவில்லை. ஸ்க்ரூவை எல்லாம் மேலே மைக்கா ஒட்டி மறைத்துவிட்டார்கள். பட்டறையில் கேட்டால் “வயர் கம்பெனி வயர், குறை இருக்காது” என்கிறார்கள். மல்டிமீட்டர் வைத்து கூரை முனையில் பார்த்தேன். வராத சேனலை வைத்தபோது 18 வோல்ட் சரியாகக் காட்டுகிறது. அப்படியென்றால் வயர் நல்ல வயர்தானே? குழப்பமாக இருக்கிறது.

கம்பம் டிஷ்காரர்

எல்என்பியைக் கழற்றிவிட்டுத்தானே அளந்தீர்கள்? எங்கள் தொழிலில் புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் இதில்தான் ஏமாறுவார்கள். வயர் முனை சும்மா தொங்கும்போது அதில் கரன்ட் ஓடுவதில்லை. ஓடாத கரன்ட்டுக்கு எந்த ஜாயின்ட்டும் தடை இல்லை, ஒரே ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் 18 காட்டும். எல்என்பி மாட்டி அது இழுக்கத் தொடங்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் 150 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் கேளுங்கள். கூரை முனையில் நடுக்கம்பிக்கும் கனெக்டர் உடம்புக்கும் நடுவே அதை வைத்துக்கொண்டு அளங்கள். 18 வோல்ட்டில் 120 மில்லிஆம்பியர் இழுக்கும், ஏறக்குறைய ஒரு எல்என்பியின் பசி. சூடாகும், கையில் பிடிக்காதீர்கள். நல்ல வயரானால் அரை வோல்ட்கூட இறங்காது. மூன்று நாலு வோல்ட் இறங்கினால் உள்ளே முப்பது ஓம் அளவுக்கு எதுவோ உட்கார்ந்திருக்கிறது என்று கணக்கு.

டீச்சர்அம்மா சித்தூர்

ஓம் விதியைப் பிள்ளைகளுக்கு நடத்த இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எடுத்துக்கொள்கிறேன்.

குப்பம் கூடாரம்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் குப்பத்தில் இருக்கிறேன், ஆந்திரா கோடியில். என் வண்டியிலும் தரையில் முக்காலி வைத்த குடைதான், ஆனால் என் பிரச்சினை வேறு. ஸ்ட்ரெங்த் 90-க்கு மேல் நிற்கிறது, குவாலிட்டி பூஜ்யம். கையில் பிடிக்கும் சாட் ஃபைண்டர் (கோளைத் தேடும் கருவி) கீச்கீச் என்று கத்துகிறது. எந்தச் சேனலும் இல்லை. 93.5 டிகிரிதான் எனக்கு வேண்டியது. வயராக இருக்குமா?

கம்பம் டிஷ்காரர்

இல்லை, நீங்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 91.5, 93.5, 95 என்று மூன்று இடத்தில் டிடிஎச் கோள்கள் வரிசையாக நிற்கின்றன, இடைவெளி ஒன்றரை, இரண்டு டிகிரிதான். அந்த மலிவு ஃபைண்டருக்கு எந்தக் கோள் என்றெல்லாம் தெரியாது. ஏதாவது அலை வந்தால் கத்தும். ஸ்ட்ரெங்த் என்பது சத்தம், குவாலிட்டி என்பது பேச்சு புரிவது. பாக்ஸின் சிக்னல் பக்கத்தைத் திறந்து வைத்து, குடையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூன்று நாலு வினாடி பொறுத்து, குவாலிட்டியை மட்டும் பாருங்கள். பாக்ஸுக்கு யோசிக்க நேரம் வேண்டும். ஆட்கள் படபடவென்று திருப்பி, சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

போனில் திசைகாட்டி பார்த்தீர்களானால் வண்டியிலிருந்து நாலு அடி தள்ளி நின்று பாருங்கள். இரும்பு உடம்பு முள்ளை இழுக்கும்.

டீச்சர்அம்மா சித்தூர்

எல்என்பியின் சாய்வையும் கவனியுங்கள். தெற்கே வர வர அந்தச் சாய்வு அதிகம் தேவைப்படும். இதே 93.5 கோளுக்கு டெல்லியில் 27 டிகிரி போல திருகினால் போதும், பாலக்காட்டில் 57 வேண்டும், குப்பத்தில் 49 போல. வடக்கே மாட்டியிருந்த செட்டை அப்படியே கொண்டுவந்தீர்களா?

குப்பம் கூடாரம்

அக்கா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! மாமா நாக்பூரில் வைத்திருந்த செட்தான். எல்என்பி பிடியில் பெயின்ட் கோடு போட்டு இறுக்கியிருக்கிறார், நான் அதை அசைக்கவே இல்லை.

கம்பம் டிஷ்காரர்

அசையுங்கள்.

மறையூர் மைனர்

எனக்கும் ஒரு சந்தேகம், இந்த முறை விளையாட்டு இல்லை. உடுமலைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் ராத்திரி நிறுத்துவோம். மொபைல் டவர் தலைக்கு மேல். அங்கே மட்டும் குறிப்பிட்ட சில சேனல்கள் உடைகின்றன. அரை கிலோமீட்டர் தள்ளிப் போனால் சரி. டவருக்கும் டிஷ்ஷுக்கும் என்ன பகை?

டீச்சர்அம்மா சித்தூர்

உண்மையான பகை. கோளிலிருந்து வருவது 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலை. அவ்வளவு உயர்ந்த அலை வயரில் ஓடாது என்பதால் எல்என்பி அதைக் கீழிறக்கி 950-லிருந்து 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் அனுப்புகிறது. உதாரணத்துக்கு 12,450-ல் 10,600 கழித்தால் 1850. இப்போது டவரைப் பாருங்கள். 4ஜி-யின் 1800 பட்டை 1805 முதல் 1880 வரை ஒலிபரப்புகிறது. 2100 பட்டை 2110-ல் தொடங்குகிறது. இரண்டும் உங்கள் வயரில் ஓடும் அலைகளின் எல்லைக்குள்ளேயே விழுகின்றன. வயரின் பின்னல் அடர்த்தியாக இருந்தால் வெளி அலை உள்ளே நுழையாது. பின்னல் சல்லடையாக இருந்தால், அல்லது கனெக்டர் கையால் திருகிய மலிவு ரகமாக இருந்தால், டவர் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்தச் சேனலின் அலை அந்த இடத்தில் விழுகிறதோ அது மட்டும் உடையும்.

மறையூர் மைனர்

ஆகா. நான் டவர் கதிர்வீச்சு என்று பெரியம்மாவிடம் சொல்லி அவர்கள் பங்குக்குள் வரவே மறுத்துவிட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறை வண்டி

ரெசிஸ்டர் வைத்து அளந்தேன். 18 இருந்தது 13.6-க்கு இறங்கியது. சரி, இதற்கு மேல் மனசாவது மைக்காவாவது என்று பிரித்துவிட்டோம்.

உள்ளே பார்த்ததைச் சொல்கிறேன். கூரை ஓட்டையில் வயரைச் சுற்றி சிலிகான் ஒரு பக்கம்தான் இருந்தது. மறுபக்கம் வழியாகத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே இறங்கியிருக்கிறது. ஒன்றரை அடி கீழே ஒரு ஜாயின்ட். கனெக்டர் எதுவும் இல்லை, வீட்டு கரன்ட் வயரை முறுக்குவது போல நடுக்கம்பியை நடுக்கம்பியோடும் பின்னலைப் பின்னலோடும் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப்பைப் பிரித்தால் பச்சைப் பொடி. பின்னலில் பிழைத்திருந்தது நாலைந்து நூல். அதற்கும் கீழே ஒரு ஸ்பிளிட்டர், வெளிச் சாக்கெட்டும் இதுவும் அதில் சேர்கின்றன. அதன் மேல் ‘5–1000 மெகாஹெர்ட்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. இது பரவாயில்லையா?

கம்பம் டிஷ்காரர்

அது கேபிள் டிவி ஸ்பிளிட்டர். அதன் படிப்பு 1000-ல் முடிந்துவிட்டது. உங்களுக்கு 2150 வரை வேண்டும். இத்தனை நாள் பாதிச் சேனல் வந்ததே பெரிது. இரண்டு குடைச் சாக்கெட்டுகளின் வயரை ஸ்பிளிட்டரில் சேர்ப்பதும் தவறு. வெளிச் சாக்கெட்டுக்குத் தனி வயர் ஓட்டி, டிவி பக்கம் இரண்டு முனையையும் வைத்துவிடுங்கள். எது வேண்டுமோ அதைப் பாக்ஸில் திருகிக்கொள்ளலாம்.

புது வயர் போடும்போது கவனிக்க வேண்டியவை. நடுக்கம்பி முழுச் செம்பாக இருக்கும் ஆர்ஜி-6 கேளுங்கள். செம்பு முலாம் பூசிய இரும்புக் கம்பியும் அதே பெயரில் விற்கிறது. அலைக்கு வித்தியாசம் அதிகமில்லை, ஆனால் வோல்டேஜுக்கு நாலு மடங்கு தடை. காந்தம் வைத்தால் ஒட்டும், அதில் பிடித்துவிடலாம். கூரையிலிருந்து டிவி வரை ஒரே துண்டு, நடுவில் ஜாயின்ட் கூடாது. கனெக்டர் கம்ப்ரெஷன் ரகம் (கருவியால் அழுத்தி இறுக்குவது), நடுக்கம்பி விளிம்புக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டினால் போதும். பின்னலின் ஒரு நூல்கூட அதைத் தொடக் கூடாது. வளைவை உள்ளங்கை அகலத்துக்கு மடக்குங்கள், கூரைச் சட்டத்தில் ஒடித்துத் திருப்பாதீர்கள். கூரைக்குள் நுழைவதற்கு முன் வயர் ஒரு தொங்கல் போட்டு மேலேறி நுழைய வேண்டும், தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். கேபிள் கிளாண்ட் (வயரை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் மூடி) போட்டு அதன் மேல் சிலிகான். எல்என்பி கனெக்டரில் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்.

வண்டி ஆடுகிற சாமான் என்பதால் வயரை அரை அடிக்கு ஒரு கிளிப் வைத்துப் பிடியுங்கள். வீட்டில் தேவையில்லை, இங்கே தேவை.

டீச்சர்அம்மா சித்தூர்

ரசமட்டம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். 60 சென்டிமீட்டர் குடையின் பார்வை அகலம் மூன்று டிகிரிக்கும் குறைவு. வண்டி ஒரு பக்கம் இரண்டு டிகிரி சாய்ந்து நின்றாலே பாதிக்கு மேல் சிக்னல் போய்விடும். சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து மட்டம் பார்த்துவிட்டுக் குடையைத் திருப்பினால், போன இடத்தில் வைத்த உயரக் கோணம் அடுத்த இடத்திலும் அநேகமாக அப்படியே பொருந்தும். கிழக்கு மேற்கு மட்டும் தேடினால் போதும்.

கொழிஞ்சாம்பாறை வண்டி

எல்லாம் மாற்றியாகிவிட்டது. லோடு போட்டு அளந்தால் கூரை முனையில் 17.8. குவாலிட்டி நின்ற இடத்தில் நிற்கிறது. வாகமண் கேரவன் பார்க் பக்கம் போயிருந்தோம், அங்கேயும் சுகம். கொட்டுகிற மழையில் மட்டும் பத்து நிமிடம் போய்த் திரும்ப வருகிறது.

கம்பம் டிஷ்காரர்

அந்தப் பத்து நிமிடத்துக்கு மருந்து இல்லை. எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் இந்த அலை எல்லோர் வீட்டிலும் போகும். வேண்டுமானால் குடையை 75, 90 என்று பெரிதாக்கலாம், வேன் கூரைக்கு அது தலைவலி.

குப்பம் கூடாரம்

எல்என்பியைத் திருகினேன், குடையை ஒரு விரல் நகர்த்தினேன், குவாலிட்டி 70. அக்காவுக்கும் அண்ணனுக்கும் கும்பிடு.

வாளையாறு லாரி

கேரவன் அண்ணே, ஓடும்போதே பார்க்க வழி உண்டா? பின்னால் படுக்கையில் இன்னொரு டிவி வைக்கவும் யோசனை.

கம்பம் டிஷ்காரர்

ஓடும்போது முடியாது. அதற்குத் தானே கோளைத் துரத்தித் திரும்பும் ஆன்டெனா வேண்டும், லாரி விலையில் பாதி கேட்பார்கள். கிளம்பும் முன் குடையை மடக்கிக் கொக்கி போட்டீர்களா என்று ஒருமுறை கூரையைப் பாருங்கள், போத்துண்டி தாண்டி நெல்லியாம்பதி வளைவுகளில் கிளைகள் தாழ்வு.

இரண்டு டிவியில் தனித்தனிச் சேனல் வேண்டுமென்றால் இரட்டை வாய் எல்என்பி வாங்கி, இரண்டு வயர், இரண்டு பாக்ஸ். ஒரே வயரைப் பிரித்து இரண்டு பாக்ஸுக்குக் கொடுத்தால், ஒன்று 13 கேட்கும், மற்றது 18 கேட்கும். எல்என்பி 18 சொன்னவன் பேச்சைத்தான் கேட்கும். ஒரே படம் இரண்டு டிவியிலும் போதுமென்றால் பாக்ஸின் எச்டிஎம்ஐ வாயில் ஸ்பிளிட்டர் போடுங்கள், கூரை வயர் பக்கமே போக வேண்டாம்.